அவள் நின்ற தூரம்

கதிர் பால் பிடிக்கும் காலத்தில் எங்கள் வயல்வட்டையில் பன்றி இறங்கும். வயலுக்கு ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் காடு. சீமைக்குத் திரும்பிய தென்னந்தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் தன் வேட்டைத் துவக்கை எனக்கு விற்றுவிட்டுப் போனார். அதை இருநூறு கஜத் தூரத்துக்குக் குறி பிடித்து வைத்திருந்தார். அதனால், காவல் பரணுக்குக் கிட்ட வந்த பன்றிக்கு நான் வைத்த வெடியெல்லாம் அதன் முதுகுக்கு மேலால் போயிற்று.

என் மனைவியின் தமையன் கொல்லன்பட்டறை வைத்திருந்தார். துவக்கை வாங்கிப் பார்த்தார்.

"குறி பார்க்கிற பின்பக்கத்துத் தகட்ட அராவினா வெடி கீழ இறங்கும் மச்சான். ஆனா அராவின இரும்பத் திரும்ப ஒட்ட ஏலாது. எவ்வளவு தூரத்துக்கு வேணும்? யோசிச்சுச் சொல்லுங்க."

தூரத்தைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. தூரத்தில், காட்டோரம் வரும் மான்களிலும் எனக்கு ஆசை இருந்தது.

அந்தியில் சோறு கொண்டு பரணுக்கு வந்த மனைவி கேட்டாள்: "இந்த வெளிச்சத்தில எம்மட்டுக்கும் கண் தெரியுது உங்களுக்கு?"

"எல்லாம் தெரியுது புள்ள."

"அப்ப நான் நடக்கிறன். என்ட முகம் தெரியாமப் போற இடத்தில கூப்பிடுங்க."

ஒரு கம்பை எடுத்துக்கொண்டு வரம்பில் இறங்கினாள். வாவியிலிருந்து வந்த பனி நெற்கதிர்களின் மேல் படர்ந்திருந்தது. கால் தெரியவில்லை, மிதந்து போவது போலிருந்தது. இடைக்கிடை திரும்பிப் பார்த்தாள். முதலில் சேலையின் நிறம் போயிற்று. முகத்தை மட்டும் நெடுநேரம் கண்டுகொண்டிருந்தேன். பிறகு, காண்பது கண்ணா மனமா என்று எனக்கே சந்தேகமாயிற்று.

"நில்லு புள்ள!"

நின்ற இடத்தில் கம்பை ஊன்றினாள். துரையின் தூரத்தில் பாதிகூட வராது.

விடிந்ததும் அங்கே சுண்ணாம்புப் பொட்டிட்ட பலகையை நிறுத்தினோம். மைத்துனர் கொஞ்சம் அராவுவார், நான் வெடி வைப்பேன், மறுபடி அராவுவார். வெயில் ஏறியபோது பொட்டு சிதறியது.

அந்தப் போகத்தில் முதல் வெடியிலேயே ஒரு பன்றி விழுந்தது. அயல் வீடுகளுக்கெல்லாம் இறைச்சி போயிற்று.

பிறகொரு அந்தியில் மான் ஒன்று, அவள் கம்பு ஊன்றிய இடத்துக்கும் அப்பால், காட்டோரம் வந்து நின்றது. துவக்கைத் தூக்கினேன்.

"தூரங்க," என்றாள் பக்கத்திலிருந்தவள், மெதுவாக.

ஓம், தூரந்தான். துவக்கை மடியில் வைத்துக்கொண்டேன். மான் ஆற அமரப் புல் மேய்ந்தது. இருட்டும் அதுவும் ஒன்றாகும் வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.