ராஜாவின் மூக்கு

எங்கள் வீட்டு நாய் ராஜபாளையம். இதை நான் சொல்லாத ஆள் அருப்புக்கோட்டையில் மிச்சமில்லை. பள்ளிக்கூடத்தில் சொன்னேன், டியூஷனில் சொன்னேன், காய்ச்சலுக்கு ஊசி போட்ட நர்சம்மாவிடம்கூட அழுகைக்கு நடுவே சொன்னேன். நான்காம் வகுப்பில் எனக்கு வேறு பெருமை எதுவும் கைவசம் இல்லை. கணக்கு வராது, பாட்டும் வராது. நாய் இருந்தது, போதாதா?

அப்பா லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். தூத்துக்குடி ரோட்டில், பந்தல்குடி டீக்கடையில் ஒரு லாரிக்காரரிடம் வாங்கிய குட்டியைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். முழு வெள்ளை. உடம்பில் ஒரு கறுப்பு முடி கிடையாது. அசல் ராஜபாளையம், புலியையே மறிக்கிற சாதி என்று அந்த லாரிக்காரர் சொன்னாராம். அப்பா அதை அப்படியே எங்களிடம் சொன்னார். நாங்கள் அப்படியே ஊருக்குச் சொன்னோம். ராஜா என்று பெயர் வைத்தோம். எங்கள் தெருப்பக்கம் புலி எதுவும் வராததால் அந்தத் திறமையைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

நாங்கள் குடியிருந்தது காம்பவுண்டு வீடு. ஒரே இரும்புக் கேட், உள்ளே எதிரும் புதிருமாக ஐந்து வீடுகள், எல்லோருக்கும் சேர்த்து ஒரு குழாய், ஒரு துவைகல், ஒரு மொட்டைமாடி. ஒரு வீட்டில் தாளித்தால் நாலு வீட்டில் தும்முவார்கள். நாய் வந்த ஆறாம் மாதம் அப்பா அந்தப் பொதுக் கேட்டில் ஒரு தகரத்தைத் தொங்கவிட்டார். 'ராஜபாளையம் நாய். ஜாக்கிரதை.' எழுதியது நான். மற்ற வீட்டுக்காரர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து பால்காரர் உள்ளே வர மாட்டேன் என்றுவிட்டார். சிலிண்டர் கொண்டுவருகிறவர் கேட்டிலேயே உருட்டிவிட்டுப் போனார். ஐந்து வீட்டுப் பெண்களும் காலையில் சொம்பைத் தூக்கிக்கொண்டு கேட்டில் போய் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று, எங்கள் அம்மா உட்பட. அந்த நேரத்தில் ராஜா துவைகல்லுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடக்கும். ஆளைப் பார்த்து அது ஒருநாளும் குரைத்ததில்லை. குக்கர் விசில் அடித்தால் மட்டும் ஆகாது. அடி வயிற்றிலிருந்து குரைக்கும். காம்பவுண்டில் குக்கர் ஐந்து.

மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். எதிர்வீட்டு அத்தை முணுமுணுக்கிற ஆள் இல்லை, நேராக வாசலுக்கு வந்து கேட்டுவிடுவார். சொந்த அத்தை அல்ல. அம்மா அவரை மதினி என்பாள், அந்த வகையில் எனக்கு அத்தை. அவர் பிறந்த ஊரே ராஜபாளையம், இங்கே வாக்கப்பட்டு வந்தவர். மாமாவுக்கு மில்லில் நைட் ஷிப்டு. அவர் வந்து கண்ணசரும் நேரம் பார்த்துத்தான் குக்கர்கள் அடிக்கும், ராஜா குரைக்கும். நாயைக் கட்டிப் போடுங்கள் என்று அத்தை மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். ராஜபாளையத்தைக் கட்டிப் போட்டால் ரோஷம் போய்விடும் என்று அப்பா மூன்று தடவையும் பதில் சொன்னார்.

பிறகு ஒருநாள், மாடியில் அத்தை காயப்போட்டிருந்த கூழ்வற்றல் மேல் ராஜா நடந்துவிட்டது. நடந்ததோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, புரண்டும் எழுந்திருந்தது. அத்தை வற்றலை வேட்டியோடு சுருட்டிக் கொண்டுவந்து எங்கள் வாசலில் போட்டார். அம்மா பதறிப்போய், நானே மாவு காய்ச்சிப் பிழிந்து தருகிறேன் என்றாள். அதோடு வாயை மூடியிருக்கலாம். ராஜபாளையம் என்றால் கொஞ்சம் துடியாகத்தான் இருக்கும் மதினி என்று ஒரு வார்த்தையைக் கூடுதலாகப் போட்டுவிட்டாள். அங்கேதான் அத்தைக்குப் பற்றிக்கொண்டது.

"யாருகிட்ட வந்து ராஜபாளையங்கிறீக? எங்க அப்பா வீட்டுல நாலு நாயி கெடந்துச்சு. மூக்கு ரோஸா இருக்கும், பச்சப்பிள்ள கன்னம் மாதிரி. இது மூக்கப் பாருங்க, அடுப்புக்கரி. உங்க வீட்டுக்காரக தலையில எவனோ நல்லா மொளகா அரச்சிருக்கான்."

நான் அன்றுதான் ராஜாவின் மூக்கை மூக்காகப் பார்த்தேன். கறுப்புத்தான். அப்பா வந்ததும் ஓடிப்போய்க் கேட்டேன். வளர வளரச் சிவக்கும் என்றார். ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் வண்டி டயரைப் பார்த்துச் சொன்னார். நான் நம்பினேன். தினமும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக மூக்கைப் பார்த்தேன். அது தினமும் என் மூக்கை நக்கியது. சிவக்கவில்லை.

அந்த வாரமே விஷயம் வீட்டுக்கார அண்ணாச்சிக்குப் போய்விட்டது. அவர் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்தார். எதிலும் ஒசத்தி, மட்டம் பார்க்கிறவர். எவர்சில்வரையே தட்டிப் பார்த்துத்தான் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். நல்ல சாதி நாய் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும், காம்பவுண்டுக்கே கௌரவம். தெருநாய் என்றால் அன்றைக்கே வெளியேற்ற வேண்டும். முடியாது என்றால் நாயோடு நாங்களும் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

சனிக்கிழமை சாப்பிடும்போது அப்பா, எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னார். எடுத்த இடம் என்றால் பந்தல்குடி ரோடு. அப்பாவோடு வண்டியில் போய் அந்த ரோடு எனக்குத் தெரியும். லாரிகள் போகிற வேகமும் தெரியும், ஓரத்தில் கிடக்கிற நாய்களையும் பார்த்திருக்கிறேன். குக்கர் விசிலுக்கே வால் ஒடுங்குகிற என் ராஜா அந்த ரோட்டில் ஒரு பொழுது தாங்காது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவும் தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தார்.

ஆனால் நான் சும்மா அழுதுகொண்டு கிடக்கிற பிள்ளை இல்லை. இன்றைக்கும் இல்லை. பொங்கல் கோலத்துக்கு வாங்கிய கலர்ப்பொடியில் மிச்சம் பரணில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாற்காலி போட்டு ஏறி ரோஸை எடுத்தேன். தேங்காய் எண்ணெயில் குழைத்தேன். துவைகல்லுக்குப் பின்னால் ராஜாவை மடியில் கிடத்தி மூக்கில் பூசினேன். முதல் பூச்சை நக்கிவிட்டது. இரண்டாவது பூச்சைத் தும்மி என் முகத்தில் தெளித்தது. மூன்றாவதைக் கெட்டியாக அப்பினேன். தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது, அப்படி ஒரு ராஜபாளையம்.

முகத்தைக் கவுனில் துடைத்துவிட்டேன். கைதான் பிரச்சினை. பத்து விரலும் உள்ளங்கையும் ரோஸ். குழாயில் தண்ணீர் வந்து ஒன்பது நாளாகியிருந்தது. குடத்துத் தண்ணீரில் கை வைத்தால் அம்மா தோலை உரித்துவிடுவாள். மண்ணில் போட்டுத் தேய்த்தேன். ரோஸ் போகவில்லை, மண்ணும் சேர்ந்துகொண்டது. அதற்குள் கேட்டில் அண்ணாச்சியின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

ஐந்து வீடும் வெளியே வந்து நின்றது. எனக்கும் ராஜாவுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல நான் எதிர்ப்பக்கம் போய், அத்தை வீட்டுப் படியோரமாக, கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன். அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ராஜாவைக் கயிற்றில் பிடித்து வந்தார். கேட்டில் தொங்கிய தகரத்தை அண்ணாச்சி படித்துவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறார். அதனால் நாலடி தள்ளியே நின்றார். என் எழுத்துக்கு அன்று அப்படி ஒரு மதிப்பு.

அவர் மூக்குவரை போகவே இல்லை. வாலைப் பார்த்தே சிரித்தார்.

"வாலு தேள் கொடுக்காட்டம் சுருண்டு கெடக்கு. டீக்கடையில விக்கிற சரக்கா ராஜபாளையம்? நல்லா ஏமாந்திருக்கீக டிரைவரே."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா தலையைக் குனிந்தார். எந்த மேட்டிலும் வண்டியைத் திணறவிடாத என் அப்பா, ஒரு ஆள் சிரித்ததற்குத் தலையைக் குனிந்தார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. அண்ணாச்சி இன்றைக்கே கொண்டுபோய் விட்டுவிட்டு வரச் சொன்னார். சரி என்று அப்பா வண்டிச் சாவியை எடுத்தார்.

நான் கட்டிப் போடச் சொல்லுங்கள் என்றுதானே சொன்னேன், விரட்டவா சொன்னேன் என்று அத்தையின் குரல் கேட்டது. அண்ணாச்சி அவரை விடவில்லை. நீங்கள்தானே அந்த ஊர், நீங்களே கிட்டப் போய்ப் பார்த்துச் சொல்லிவிடுங்கள், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக்கூடாது என்றார்.

அத்தை என்னைத் தாண்டிப் போனார். ராஜாவுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து தாடையைப் பிடித்துத் தூக்கினார். வெயிலில் எண்ணெய் இளகி, ராஜாவின் தாடையிலிருந்து ரோஸாக ஒரு சொட்டு தரையில் விழுவதை நான் பார்த்தேன். முடிந்தது என்று நினைத்தேன். அத்தை முந்தானையால் அதன் வாயைத் துடைத்தார். துடைத்த கையை எடுக்காமல் மூக்கைப் பொத்தினாற்போலப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சியைப் பார்த்தார்.

"மூக்கு ரோஸுதான் அண்ணாச்சி. அசலு. எங்க அப்பா வீட்டுல கெடந்ததும் இப்பிடித்தான்."

அந்த ஊர்க்காரர் சொன்ன பிறகு அண்ணாச்சிக்குப் பேச என்ன இருக்கிறது? காலையில் கட்டிப் போட வேண்டும், மாடிக்கு விடக்கூடாது, கேட்டில் இருக்கிற தகரத்தைக் கழற்ற வேண்டும் என்று மூன்றைச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். போகிற போக்கில் நல்ல நாய் டிரைவரே என்று ஒரு வார்த்தையும் சொன்னார். அத்தை எழுந்து, முந்தானையைக் கறை உள்ளே போகும்படி மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டார்.

அன்று எனக்கிருந்த பெருமையைச் சொல்லி மாளாது. ராஜபாளையத்திலேயே பிறந்து, நாலு நாயோடு வளர்ந்தவரை ஒரு சிட்டிகைக் கலர்ப்பொடியில் ஏமாற்றிவிட்டேன்! அப்பா அன்று சாயங்காலம் டீக்கடை டீக்கடையாகப் போய், அந்த ஊர்க்காரகளே சொல்லிட்டாக என்று சொல்லிவிட்டு வந்தார். அம்மா மறுநாளே மாவு காய்ச்சி அத்தை வீட்டுக்கு இரண்டு வேட்டி வற்றல் பிழிந்து போட்டாள். ராஜா காலையில் கட்டுண்டு கிடந்தது. மாமா நிம்மதியாகத் தூங்கினார். நான் பிளஸ் டூ முடிக்கிறவரை அது எங்களோடு இருந்து, துவைகல்லுக்குப் பக்கத்திலேயே கண்ணை மூடியது. அந்த மூக்குக் கதையை நான் கல்லூரி ஹாஸ்டலில் சொன்னேன், வேலைக்குச் சேர்ந்த இடத்தில் சொன்னேன், கல்யாணமான புதிதில் மாமியாரிடமும் சொன்னேன். என் சாமர்த்தியத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு ராஜபாளையம் போயிருந்தேன். பெண் வீட்டு வாசலில் ஒன்று படுத்திருந்தது. எழுந்து நின்றபோது என் இடுப்புக்கு மேல் இருந்தது. அதன் மூக்கு பச்சைப் பிள்ளையின் கன்னம் போலவே இருந்தது, அத்தை சொன்னது கொஞ்சமும் மிகையில்லை. இதோடு வளர்ந்த ஒருத்தர் எங்கள் ராஜாவைத் தன் கண்ணைக் கட்டிக்கொண்டு தடவினாலும் ஏமாறமாட்டார். கல்யாணக் கூட்டத்துக்கு நடுவில் தன்னந்தனியாக நின்று சிரித்தேன், பிறகு கண் நிறைந்துவிட்டது.

இப்போதும் யாராவது கேட்டால் எங்கள் வீட்டு நாய் ராஜபாளையம் என்றுதான் சொல்வேன். முன்னைக்கு இப்போது பெருமை கூடித்தான் இருக்கிறது. ஊர்க்காரரே பார்த்துச் சொன்னது, வேறென்ன வேண்டும்?

ஒன்று மட்டும் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. அண்ணாச்சி பார்த்துவிடக்கூடாது, அப்பா பார்த்துவிடக்கூடாது என்று என் ரோஸ் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் விரித்து வைத்துக்கொண்டு நின்றேனே, அவ்வளவு நேரமும் அத்தை எனக்குப் பின்னால், தன் வீட்டுப் படியில்தான் நின்றுகொண்டிருந்தார்.