என்ன மந்திரி என்று போடவில்லை

திசையன்விளை பஸ் நிலையத்து டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். திருச்செந்தூர் பஸ் இன்னும் வரவில்லை. ஒருவர் பேப்பரை உரக்க வாசிக்கிறார்: “ஆணோடு குடும்பம் நடத்தும் மந்திரி!” ஏதோ வெளிநாட்டு மந்திரி அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டாராம். விநோதச் செய்திகளில், இரண்டு தலைக் கன்றுக்குட்டி படத்துக்குக் கீழே போட்டிருக்கிறார்கள். கடையே சிரிக்கிறது.

என் பக்கத்தில், மடியில் துணிப்பையோடு இருக்கும் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. பேப்பர் கைமாறி என்னிடம் வந்ததும் கேட்கிறார்.

“அவரு என்ன மந்திரின்னு போட்டிருக்கா தம்பி?”

தேடிப் பார்க்கிறேன். “இல்ல அண்ணாச்சி.”

“அவரு செய்யுத வேலையப் பத்தி ஒரு வரிகூடவா இல்ல?”

“இல்ல. இது ஒண்ணுதான் போட்டிருக்கு.”

என் பக்கம் சாய்கிறார். வேறு யாருக்கும் கேட்காதபடி மெல்லச் சொல்கிறார்.

“எம் மவனும் இப்படித்தான். காலேஜுல வாத்தியாரா இருந்தான், நல்லா பாடம் நடத்துவான். விசயம் தெரிஞ்சதும் ஊரே இப்படித்தான் சிரிச்சுது. பம்பாய்க்குப் போனவன் திரும்பவே இல்ல.”

பேப்பரை மடித்துக் கீழே வைக்கிறேன்.

“இந்தப் பேப்பரு பம்பாயிலயும் வருது தம்பி,” என்கிறார். “இத வாசிக்காம அவனுக்குப் பொழுது விடியாது. இன்னைக்கும் வாசிச்சிருப்பான்.”