குச்சிக்கிழங்குக்கு விதை போட்டவள்

என் கொழுந்தன் மனைவி பெரியநாயகியைப் பிடிவாதக்காரி என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும். நடந்ததை நான் சொல்கிறேன்.

வெண்ணந்தூர்ப் பக்கம் எங்கள் காட்டில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிதான் வெள்ளாமை. முற்றிய செடியின் குச்சியை நறுக்கி நட்டால் தாய்ச்செடி அப்படியே திரும்பி வரும். தாய்க்கு நோய் இருந்தால் அதுவும் கூடவே வரும். அப்படித்தான் தேமல் நோய் ஒட்டிக்கொண்டது. இலையெல்லாம் மஞ்சளாகிச் சுருண்டு, போகத்துக்குப் போகம் கிழங்கு சிறுத்துக்கொண்டே வந்தது. அடுத்த வெட்டோடு எல்லாவற்றையும் உழுதுவிட்டு மக்காச்சோளம் போடப்போவதாகக் கொழுந்தன் அர்த்தநாரி சொல்லிவிட்டார்.

பெரியநாயகிக்கு மனசில்லை. காய் வெடித்து விழுந்த விதையில் வரப்போரம் ஒரு செடி தானாக முளைத்திருந்ததைப் பார்த்திருந்தாள். சுற்றிலும் தேமல், அது மட்டும் பச்சை. அதை ஆடு கடித்துவிட்டது. ஆனாலும் ஆமணக்கு முத்து மாதிரி இருக்கும் அந்த விதைகளைக் காடெல்லாம் பொறுக்கி வந்து, போட்டுப் பார்க்க ஒரே ஒரு பாத்தி கேட்டாள்.

பக்கத்துக் காட்டுச் செங்கோடன் சிரித்தார். “குச்சி நட்டாத்தானுங்க அது குச்சிக்கெழங்கு. வெதை போட்டா என்ன பேரு வெப்பீங்க?”

“மொளைக்கட்டும், பொறவு வெச்சுக்கலாம்” என்றாள்.

முளைத்ததில் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. ஒன்றுக்குக் காம்பு சிவப்பு, ஒன்றுக்கு வெளுப்பு. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. குச்சியில் தாய் மட்டும்தான், விதையில் தகப்பனும் கலந்திருக்கிறான், ஒவ்வொரு விதைக்கும் கலப்பு வேறு என்றாள். அர்த்தநாரிக்கு அது ஏறவில்லை.

“ஏனுங்க, நம்ம புள்ளைங்க மூணும் ஒரே வயித்துலதான பொறந்துச்சு? பெரியவனுக்கு உங்க மூக்கு, சின்னவளுக்கு எங்கப்பன் காலு. நடுவுலவன் ஆரு மாதிரின்னே தெரியல.”

வெள்ளை ஈ பரப்பி, பாத்தியிலும் தேமல் வந்தது. ஒரே ஒரு செடிதான் கடைசிவரை தப்பியது. தோண்டிப் பார்த்தால் அதன் கிழங்கு வெறும் வேர்தான். நோய் பிடித்த பக்கத்துச் செடியிலோ தொடை மொத்தத்தில் கிழங்கு. சொன்னபடியே உழுவதற்கு டிராக்டர் காட்டுக்குள் வந்து நின்றது. அவள் பாத்தியை விட்டு நகரவில்லை.

“இதுகிட்டத் தெம்பு இருக்குது, அதுகிட்டக் கெழங்கு இருக்குது. ரெண்டோட குச்சியும் பக்கத்துல பக்கத்துல நட்டுப் பூக்க உடறேன். ரெண்டையும் வாங்குன வெதை ஒண்ணாச்சும் வரும்.”

“வராமப் போனா?”

“மறுக்காப் போடுவேன்.”

அர்த்தநாரி டிராக்டர்காரரிடம் போனார். அந்தப் பாத்தியை விட்டுவிட்டு ஓட்டச் சொன்னார்.

இப்போது சுற்றிலும் மக்காச்சோளம் இரண்டாம் போகம் நிற்கிறது. நடுவே அந்த இரண்டும் பூத்திருக்கின்றன. ஒன்றின் பூந்தூளை எடுத்து மற்றதில் தடவக் காலையில் போனவள், இன்னும் அந்தப் பாத்தியை விட்டு வீடு திரும்பவில்லை.