டியூட்டியில் இருந்த வேட்பாளர்

குழாயக்கா செயற்கை மூச்சுக் கருவியின் இரண்டு குழாய்களையும் முறுக்கிப் பூட்டினார். முனையை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு, எங்கேயாவது காற்று கசிகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டார். அதற்குள் நெட்டை வந்து நின்றான். அவனும் அதே தீவிர சிகிச்சைப் பிரிவில் அவரோடு வேலை பார்ப்பவன்.

"அக்கா, தேர்தல் தேதி வந்துடுச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை, பத்துலேர்ந்து பன்னெண்டு வரைக்கும்."

"அன்னிக்கு யார் டியூட்டி?"

"நானு, இன்னும் ரெண்டு பேரு. நீங்க லீவு."

"நல்லா பாத்துதான் வச்சிருக்காங்க" என்று அடுத்த கருவிக்குப் போனார்.

மூச்சுச் சிகிச்சையாளர் சங்கத்தில் நூற்று நாற்பது பேர். ஓட்டுப் போட நேரில்தான் வர வேண்டும். கருவியில் ஒரு நோயாளி இருந்தால் பக்கத்தில் ஆள் இருந்தாக வேண்டும். அந்த ஆள் எப்படிப் போவார்? அதனால் படுக்கையருகே நிற்பவர்கள் ஓட்டுப் போட்டதில்லை. மேசையருகே உட்காருபவர்கள் போட்டார்கள், ஜெயித்தார்கள். ஆறு வருடமாகத் தலைவராக இருந்தவரைக் கோட்டுக்காரர் என்பார்கள். வெயிலிலும் கோட்டுப் போடுவார். கெட்டவர் இல்லை. கருவியைத் தொட்டுப் பல வருடம் ஆகிவிட்டது, அவ்வளவுதான். டியூட்டியில் இருப்பவர்கள் முன்கூட்டியே ஓட்டுப் போட வழி செய்யுங்கள் என்று குழாயக்கா இரண்டு பொதுக்குழுவில் கேட்டார். இரண்டு முறையும் "பரிசீலிக்கிறோம்" என்று பதில் வந்தது. மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. தலைவர் பதவிக்கே மனுப் போட்டார்.

வீட்டுக்காரர் தையல்காரர். செய்தி கேட்டதும் தையல் இயந்திரத்தை நிறுத்தினார்.

"எதிராளி கோட்டு போடுறாராமே. உனக்கும் ஒண்ணு தைச்சுடவா?"

"வேணாங்க. கோட்டு போட்டா கையை மடக்கிவிட முடியாது."

"தலைவியானா கையை ஏன் மடக்கணும்?"

"தலைவியானாலும் மறுநாள் டியூட்டிக்குப் போகணும்ல?"

ஓட்டுக் கேட்டு நாற்பது பேருக்குப் போன் போட்டார். பதினாறு பேர், "அக்கா, அலாரம் அடிக்குது, அப்புறம் பேசறேன்" என்று பாதியில் வைத்துவிட்டார்கள். அந்தப் பதினாறு பேரும் தன் பக்கம் என்று எழுதி வைத்துக்கொண்டார்.

சிக்கல் சனிக்கிழமை வந்தது. மறுநாள் டியூட்டியில் இருக்கும் மூன்று பேருக்கும் மாற்று ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் பெரிய டாக்டர் ஒரு வழி சொன்னார்: குழாயக்கா ஒருத்தர் வந்து நின்றால் போதும், மூன்று பேரும் இரண்டு மணி நேரம் போய் வரலாம்.

"அதெப்படிக்கா? வேட்பாளர் மேடையில மூணு நிமிஷம் பேசணும். நீங்க வரலைன்னா தோத்துடுவோம்" என்றான் நெட்டை.

"நான் பேசி ஒரு ஓட்டு வருமான்னு தெரியாது. நீங்க போனா மூணு நிச்சயம்."

"உங்க ஓட்டு?"

"போச்சு. மூணுக்கு ஒண்ணு, நஷ்டமில்ல."

வீட்டுக்காரர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "எல்லாரையும் கல்யாணத்துக்கு அனுப்பிட்டு மணப்பொண்ணு வீட்டுக்குக் காவல் இருந்துச்சாம்."

தேர்தல் அதிகாரி, போனில் பேசலாம் என்று ஒத்துக்கொண்டார். ஞாயிறு காலை மண்டபத்தில் கோட்டுக்காரர் பேசி முடித்தார், நன்றாகத்தான் பேசினார். அடுத்து நெட்டை தன் போனை மைக்கருகே பிடித்தான். இந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் குழாயக்காவின் போனைப் பிடித்துக்கொண்டு முறைத்தார்.

"மூணே நிமிஷம். நாலாவது நிமிஷம் போன் என் பையில இருக்கும்."

"சரி சிஸ்டர்." குழாயக்கா தொண்டையைச் சரிசெய்தார். "வணக்கம். நான் ஏன் அங்க வரலைன்னா, வந்தா இங்க யாரும் இல்ல..."

மூன்றாம் படுக்கையில் அலாரம் அடித்தது.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று அவர் நோயாளியிடம் போய்விட்டார். போன் நர்ஸ் கையில் அப்படியே இருந்தது. மண்டபத்து ஒலிபெருக்கியில் அலாரம் கணீரென்று கேட்டது, கூடவே ஒரு கொடகொட சத்தமும்.

மற்ற எந்தச் சங்கமாக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். இங்கே இருந்தவர்கள் எல்லோரும் மூச்சுச் சிகிச்சையாளர்கள். பாதிப் பேர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள்.

"பிரஷர் அலாரம்."

"சளிதான். உறிஞ்சச் சொல்லு."

"சளி இப்படிக் கொடகொடங்காதுப்பா. குழாய்ல தண்ணி தேங்கியிருக்கு."

"முதல்ல நெஞ்சு ஏறி இறங்குதான்னு பாக்கச் சொல்லு."

"ஏறுது, ஏறுது" என்றது குழாயக்காவின் குரல், தூரத்திலிருந்து.

முன்வரிசையிலிருந்து கோட்டுக்காரர் மைக்குக்கே வந்துவிட்டார். "தண்ணிதாம்மா. நோயாளி பக்கம் சாய்ச்சிடாதே, தண்ணி பிடிக்கிற குப்பி பக்கமா வடி."

"அதைத்தான் சார் செய்யறேன்."

கொடகொட சத்தம் நின்றது. அலாரமும் அடங்கியது. மண்டபம் பூராவும் உட்கார்ந்தது. குழாயக்கா கையைக் கழுவிக்கொண்டு போனருகே வந்தபோது தேர்தல் அதிகாரி மணி அடித்தார்.

"நேரம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சிடுச்சுங்க."

"சரி, அவ்வளவுதான். நன்றி."

நர்ஸ் போனைப் பையில் போட்டார். "நல்லாப் பேசினே போ" என்றார்.

பன்னிரண்டரைக்கு நெட்டை ஓடி வந்தான். கோட்டுக்காரருக்கு ஐம்பத்தெட்டு, குழாயக்காவுக்கு அறுபத்து மூன்று. குழாயக்கா கேட்ட முதல் கேள்வி, "மூணு பேரும் சாப்டுட்டு வந்தீங்களா, இல்ல பசியோட நிக்கப் போறீங்களா?"

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சங்க அலுவலகத்துக்குப் போனார். மாடியில் ஒரே ஓர் அறை. ஓர் அலமாரி, ஒரு மேசை. கோட்டுக்காரர் சாவியையும் உறுப்பினர் பதிவேட்டையும் ஒப்படைத்தார்.

"நேத்து எனக்கே கை பரபரன்னுச்சு. அலாரம் கேட்டுப் பதினோரு வருஷமாச்சு" என்றார்.

"காது மறக்கல சார்." குழாயக்கா ஒரு தாளை எடுத்து நீட்டினார். டியூட்டியில் இருப்பவர்கள் முன்கூட்டியே வாக்களிக்க விதியைத் திருத்தும் தீர்மானம். "வழிமொழிய ஒருத்தர் வேணும்."

"தோத்தவன் கையெழுத்தா?"

"விதியில உறுப்பினர்னுதான் இருக்கு. ஜெயிச்சவரா தோத்தவரான்னு இல்ல."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "எத்தனை நாள் முன்னாடின்னு போடலையே. மூணு நாள்னு போடு. இல்லேன்னா அதுக்கே ஒரு பொதுக்குழு சண்டை போடும்."

குழாயக்கா எழுதிச் சேர்த்தார். அவர் கையெழுத்துப் போட்டார். பிறகு இருவரும் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, தீர்மானத்தை உறுப்பினர்களுக்கு அனுப்ப, பதிவேட்டைப் பார்த்து உறைகளில் முகவரி எழுதினார்கள். மதியத்துக்குள் எண்பது முடிந்தது. மீதியைத் தானே எழுதித் தபாலில் சேர்ப்பதாகக் கோட்டுக்காரர் சொன்னார். குழாயக்கா இரண்டு மணி டியூட்டிக்குக் கிளம்பினார்.