கூடையை மறந்த கடை

கம்ப்யூட்டர் மானிட்டருக்கு நெற்றி எது?

போன வெள்ளிக்கிழமை காலை, ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜ் மாடியில் இருக்கும் பிரவுசிங் சென்டரில் இந்தக் கேள்வி எழுந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, திரையின் மேல் விளிம்பில் நடுவாகப் பார்த்து சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். மவுஸுக்குத் தனியாக ஒரு பொட்டு. கீபோர்டுக்கு முன்னால் எலுமிச்சம்பழம்.

திறப்பு விழா. கடைக்குத்தான்... ஆனால் இன்டர்நெட் கடைக்கு!

அந்தக் கடையைக் கட்டியவள் என் மனைவி கல்பனா. வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு அவளைத் தெரியும். நான் அசடு வழியும் இடங்களில் எல்லாம் பக்கத்தில் நின்று சிரிப்பவள். ஐந்து பேர் வேலை பார்க்கும் ஒரு சின்ன ஆபீஸில் சாப்ட்வேர் எழுதுகிறாள். சுங்குடிச் சேலை வியாபாரி நாகராஜனுக்காக மூன்று மாதம் உட்கார்ந்து ஒரு வெப்சைட் செய்திருந்தாள். சேலைகளைப் படத்தில் பார்க்கலாம், பிடித்ததைக் கூடையில் போடலாம், கடைசியில் ஆர்டர் கொடுக்கலாம். கடைக்கு வர வேண்டியதே இல்லை.

நாகராஜன் நல்ல மனிதர். ஆனால் புதிதாக எது தொடங்கினாலும் முதல் போணி நல்ல நேரத்தில், அவர் மனைவி சகுந்தலா கையால் ஆக வேண்டும். ராசியான கையாம். போணி தவறினால் தொழிலே வேண்டாம் என்று எழுந்துவிடுவார். சும்மா மிரட்டல் இல்லை. திறப்பு விழா அன்று ஷட்டர் பாதியில் மாட்டிக்கொண்டது என்பதற்காக ஒரு கிளைக் கடையையே கைவிட்டவர் அவர்.

அன்றைக்கு ராகு காலம் பத்தரைக்கு. ஒன்பதரைக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, சகுந்தலா அக்கா மவுஸைப் பிடித்தார். அரக்கு பார்டர் போட்ட மாம்பழக் கலர் சேலை ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கூடையில் போட்டார். எல்லோரும் கைதட்டினோம். அடுத்த பக்கத்துக்குப் போனார்.

கூடை காலி.

சரி, கை தவறியிருக்கும் என்று மறுபடி போட்டார். மறுபடி காலி. மூன்றாவது தடவையும் அப்படியே. கைதட்டுவதற்குத் தயாராக இருந்த என் கைகள் மெல்ல பாக்கெட்டுக்குள் போய்விட்டன.

நாகராஜன் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார்கள். விழாவுக்கு வந்த ஏழெட்டு உறவினர்கள் தங்களுக்குள் அந்த மொழியில் தணிந்த குரலில் பேசத் தொடங்கினார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் பேச்சு யாரைப் பற்றியது என்று புரியாமல் இருக்குமா?

கல்பனாவின் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு நிமிடம் திரையை அப்படியே பார்த்தாள். பிறகு சென்டர் ஓனர் செந்திலைக் கூப்பிட்டு ஏதோ கேட்டாள். அவர் பெருமையாகத் தலையாட்டினார். குட்டு உடைந்தது.

விஷயம் இதுதான். இன்டர்நெட் கடைக்காரருக்கு ஞாபகம் என்பதே கிடையாது. ஒவ்வொரு பக்கத்தைத் திறக்கும்போதும் நம்மைப் புது ஆளாகத்தான் பார்ப்பார். அதனால் நாம் உள்ளே நுழைந்ததும் ஒரு நம்பர் எழுதிய சீட்டை நம் சட்டைப் பையில் போட்டு வைப்பார். அடுத்த பக்கத்தில் அந்தச் சீட்டைப் பார்த்து, "ஓ, நீங்களா?" என்று கூடையை எடுத்து நீட்டுவார். அந்தச் சீட்டுக்குப் பெயர் குக்கி. (தின்பதற்கு இல்லை. நானும் முதலில் கேட்டேன்.)

செந்தில் சென்டரில் ஒரு கல்லூரிப் பெண்ணின் மெயிலை அடுத்து உட்கார்ந்தவன் திறந்து படித்துவிட்டானாம். பெரிய சண்டை. அன்றிலிருந்து மெயில் தளங்களின் சீட்டு ஜன்னலை மூடியதும் அழிந்துவிடும்படியும், வேறு யாரும் சீட்டே போட முடியாதபடியும் எட்டு மிஷினிலும் பூட்டிவிட்டார். அவர் பக்கம் நியாயம்தான். ஆனால் அது கல்பனாவின் கடைக்கும் சேர்த்துப் போட்ட பூட்டு.

செந்தில் தங்கமான ஆள். "இதுக்குப் போயி எதுக்குக்கா இம்புட்டு யோசனை? இந்த மிஷின்ல மட்டும் தெறந்து விட்டுர்றேன். ரெண்டு நிமிசம்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. கல்பனாவின் காதோரம் போய், "மாத்தச் சொல்லு. போணி முடியட்டும். பெறகு பொறுமையா பாத்துக்கலாம்" என்று கிசுகிசுத்தேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. ஏதோ புது ஆளைப் பார்ப்பது போல இருந்தது.

"இந்த மிஷின்ல மாத்திரலாம். நாளைக்குக் கம்பம் ஊர்ல ஒருத்தி ஒக்காந்து சேலை எடுப்பா. அங்க யாரு போயி மாத்துறது?"

சொல்லிவிட்டு நேராக நாகராஜனிடம் போனாள்.

"அண்ணே, தப்பு என்னோடது. எங்க ஆபீஸ் மிஷின்ல மட்டும் ஓட்டிப் பாத்தேன். இப்படிப் பூட்டி வச்ச மிஷின்ல பாக்கல. கொஞ்ச நேரம் குடுங்க, சரி பண்ணிர்றேன்."

நாகராஜன் அவளைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது ஐம்பது.

அப்புறம் நடந்ததை எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன். சட்டைப் பையில் சீட்டுப் போடக் கூடாது என்றால் அந்த நம்பரை வேறு எங்கே வைப்பது? கல்பனா அதைக் கடையின் ஒவ்வொரு கதவிலும் எழுதினாள். அதாவது, அடுத்த பக்கத்துக்குப் போகும் ஒவ்வொரு லிங்க்கின் அட்ரஸிலும், வால் போல அந்த நம்பர் ஒட்டிக்கொள்ளும்படி புரோகிராமை மாற்றினாள். கதவைத் திறக்கும்போது நம்பரும் கூடவே போய்விடும். வந்தவர் யார் என்று கடைக்காரருக்குத் தெரிந்துவிடும்.

கேட்க எளிது. ஆனால் கடையில் எத்தனை கதவுகள்! ஜன்னலுக்குக் கீழே தேனி பஸ் கண்டக்டர் தொண்டை கிழியக் கூவுகிறார். முதுகுக்குப் பின்னால் புரியாத மொழியில் முணுமுணுப்பு. இவள் டைப் செய்துகொண்டே இருக்கிறாள். வீட்டில் பேனாவுக்கு மூடி கிடைக்காவிட்டாலே எழுத வராத எனக்கு, அவள் விரல்களை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

பத்து இருபதுக்கு, "பாருங்கக்கா" என்று நகர்ந்துகொண்டாள். சகுந்தலா அக்கா சேலையைக் கூடையில் போட்டார். அடுத்த பக்கம்... இருக்கிறது! அதற்கடுத்த பக்கம்... இருக்கிறது! பார்டரை நெருக்கத்தில் பார்க்க 'பெரிய படம்' என்பதை அழுத்தினார். பார்டரைப் பார்க்காமல் சேலை எடுக்கும் பெண் மதுரையில் உண்டா?

கூடை காலி.

ஒரே ஒரு கதவு விட்டுப்போயிருந்தது. கல்பனா உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். திருத்துவதற்கு இரண்டு நிமிடம்தான் ஆனது. திருத்தியதை வெப்சைட்டில் ஏற்றுவதற்குத்தான் அந்தச் சென்டரின் இன்டர்நெட் லைன் உயிரை எடுத்தது. நான் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். பத்து இருபத்தெட்டு. பத்து முப்பது. வேலை முடிந்தபோது பத்து முப்பத்து நாலு.

நாகராஜன் கற்பூரத் தட்டை எடுத்து ஓரமாக வைத்தார். உறவினர்கள் செருப்பைத் தேடத் தொடங்கினார்கள். கல்பனா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். மூன்று மாத உழைப்பு நாலு நிமிடத்தில் போகிறதே!

அதுவரை வீட்டு மொழியிலேயே பேசிக்கொண்டிருந்த சகுந்தலா அக்கா, எங்களுக்கும் புரிய வேண்டும் என்றே தமிழில், கணவரைப் பார்த்துச் சொன்னார்:

"நான் ஒம்பதரைக்கே சேலை எடுத்தாச்சு. கடைதான் மறந்துச்சு. நான் மறக்கல."

மவுஸைப் பிடித்தார். அதே அரக்கு பார்டர், அதே மாம்பழக் கலர். பெரிய படம் பார்த்தார், முந்தானை பார்த்தார், வேண்டுமென்றே நாலு பக்கம் சுற்றி வந்தார். கூடையில் சேலை அப்படியே இருந்தது. ஆர்டர் பட்டனை அழுத்தினார்.

நாகராஜன் ஓரமாக வைத்த கற்பூரத் தட்டைத் திரும்ப எடுத்தார். பிறகு கல்பனாவிடம், "அன்னிக்கு ஷட்டர் மாட்டிக்கிட்டப்ப, அதப் போட்டுக் குடுத்தவன் மழை மேல பழியப் போட்டான். நீ என் தப்புன்னு சொன்ன. கடை நடக்கட்டும்மா" என்றார்.

அந்தச் சந்தோஷத்தில் அவர் உடனே சேலம் மச்சானுக்கு அந்தப் பக்கத்தின் அட்ரஸை மெயிலில் அனுப்பப் போனார். கல்பனா பாய்ந்து தடுத்தாள். வாலில் நம்பர் இருக்கிறதே, மச்சான் அதைத் திறந்தால் அக்காவின் கூடைக்குள்தான் கை விடுவார்! முகப்புப் பக்கத்தின் அட்ரஸை மட்டும் அனுப்பச் சொன்னாள். ஆர்டர் பட்டனை அழுத்தும்முன் பாஸ்வேர்டு கேட்கும்படியும், அரை மணி நேரம் சும்மா இருந்தால் அந்த நம்பர் செத்துவிடும்படியும் அன்று சாயங்காலமே செய்துவிட்டாள்.

கிளம்பும் முன் எட்டு மிஷினிலும் உட்கார்ந்து ஒவ்வொரு சேலையாகக் கூடையில் போட்டுப் பார்த்தாள். நான் பின்னாலேயே நின்றேன். அங்கே பஸ்ஸுக்குக் காத்திருந்து பொழுது போக்க வந்த ஒருவர், "யாருண்ணே அவங்க?" என்று கேட்டார். "என் வீட்டுக்காரி" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல... மற்ற மிஷின்களில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே! பெருமைப்பட எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நான் காதோரம் கிசுகிசுத்த அந்த யோசனையை மட்டும் அவள் ஒரு வாரமாக, வேளைக்கு ஒரு முறை சொல்லிக் காட்டுகிறாள்... அவளுக்குக் குக்கியும் தேவையில்லை, நம்பரும் தேவையில்லை.