அக்காவின் குரலில் ஒரு பாட்டு

திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறேன். பட்டாசுப் பெட்டிகளில் ஒட்டுகிற லேபிள்களை வெட்டும் வேலை. பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சம். அப்படிப்பட்டவன் போன வருஷம் எட்டுப் பாட்டுகளை நானே உருவாக்கி, போனிலேயே பதிந்து, ஆல்பம் என்று இணையத்தில் போட்டேன்.

தாளத்துக்கு எங்கள் மிஷின் சத்தம்தான். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பாடியது. முதலில் கருத்து எழுதிய ஒருவர், "இவரு யாருக்கோ பயந்துக்கிட்டே பாடுறாரு" என்று எழுதியிருந்தார். முகம் தெரியாத ஆளுக்கு எப்படித் தெரிந்தது? இன்னொருவர், இது பாட்டா அல்லது தண்ணி மோட்டார் ரிப்பேரா என்று கேட்டிருந்தார். அச்சகத்தில் பைண்டிங் பார்க்கிறவர், "ஏலே, மிஷினுக்குச் சம்பளம் குடுத்தியா? பாதிப் பாட்டு அதுதானடா பாடுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதெல்லாம் வலிக்கவில்லை.

ஐந்தாவது பாட்டை மட்டும் எல்லோரும் புகழ்ந்தார்கள். அதில் நான் பாடவில்லை. என் அக்காவின் குரல்.

அக்காவைத் தாயில்பட்டியில் கட்டிக் கொடுத்திருக்கிறது. அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. எங்கள் பக்கம் எங்காவது 'தொம்' என்று கேட்டால், எந்தக் கம்பெனி வெடித்ததோ என்று உடனே அவரவர் ஆட்களுக்குப் போன் போட்டுவிடுவோம். அநேகமாக அது கல்குவாரி வெடியாக இருக்கும். வெட்டிய லேபிள்களைப் பட்டாசுக் கம்பெனிகளுக்குக் கொண்டுபோய் இறக்கும் வேலையும் எனக்கு உண்டு என்பதால் அக்கா முதலில் எனக்குத்தான் போடுவாள். லேபிள் அளவைக் கம்பெனிக்காரர்கள் போனில்தான் சொல்வார்கள். தவறாக வெட்டிவிட்டால் ஒரு கட்டே வீண். அதனால் வருகிற அழைப்பெல்லாம் பதிவாகிற மாதிரி போனில் வைத்திருந்தேன். அதில் அக்காவும் பதிவாகியிருந்தாள்.

"ஏலே, எங்கன இருக்க? சத்தம் கேட்டுச்சே. எங்கன இருக்க? சாப்பிட்டியா?"

அந்தக் குரலில் ஒரு ராகம் இருந்தது. 'எங்கன இருக்க'வை மட்டும் எடுத்துத் திரும்பத் திரும்ப வரும்படி வைத்து, பின்னால் மிஷினை ஓடவிட்டேன். அக்காவிடம் கேட்கத் தோன்றவில்லை. மாசத்துக்கு நாலு தரம் வருகிற போன், அதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

வெளியூர்க்காரர்களுக்கு அது சிரிப்பாக இருந்தது. யாரோ இரண்டு பெண்கள் அதற்கு ஆடி வீடியோ போட்டார்கள். "இந்த அக்கா செம காமெடி" என்று நூறு பேர் எழுதினார்கள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னை நாலு பேர் கவனிக்கிறார்கள் என்றிருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பாட்டு கேட்டியாக்கா?"

"கேட்டேன். கம்பெனியில எல்லாரும்தான் கேட்டாளுக. சோத்து நேரத்துல போட்டு, 'யக்கா, எங்கன இருக்கீக'ன்னு ஒரே கேலி. நானும் சிரிச்சேன்."

"பெறகு என்ன?"

"எம் பக்கத்துல உக்காந்து வேலை பாக்குறவ, டிபன் பாக்ஸ மூடிட்டு எந்திச்சுப் போயிட்டா. மூணு நாளு வேலைக்கு வரல." பூண்டுத் தோலை ஒதுக்கினாள். "அவ புருசன் வெடி விபத்துல செத்த அன்னிக்கு அவளும் இப்படித்தாம்லே கேட்டா. எங்கன இருக்கீக, எங்கன இருக்கீகன்னு. போன்ல மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. எடுக்க ஆள் இல்ல."

சிதறிக் கிடந்த தோலை நானும் ஒதுக்கினேன்.

"மத்த பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள் அக்கா. "இது, நான் உங்கிட்ட கேட்டது. ஊருக்குப் போட்டுக் காட்டவா கேட்டேன்?"

அங்கேயே உட்கார்ந்து ஐந்தாவது பாட்டை அழித்தேன். அழித்துவிட்டேன் என்று காட்டினேன். அவள் பார்க்கவில்லை. அந்தப் பெண்கள் ஆடிய வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லி எழுதினேன், பதில் இல்லை. நல்லதாக இருந்த ஒரே பாட்டையும் எடுத்துவிட்டீர்களே என்று ஒருவர் வருத்தப்பட்டிருந்தார். அவருக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் விட்டுவிட்டேன். அழைப்புப் பதிவையும் நிறுத்திவிட்டேன். லேபிள் அளவை இப்போது தாளில் எழுதிக்கொள்கிறேன்.

போன வாரம் வேம்பக்கோட்டைப் பக்கம் சத்தம் கேட்டது. எனக்கு அன்று விடுமுறை; வீட்டில் இருந்தேன். அக்கா கூப்பிடுவாள் என்று கையில் போனை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். உள்ளே என் மனைவியின் போன் அடித்தது.

"இருக்காக மதினி. இங்கனதான் இருக்காக" என்றாள் மனைவி. என்னைப் பார்த்துப் போனை நீட்டினாள். நான் வாங்கிக் காதில் வைப்பதற்குள் அக்கா வைத்துவிட்டாள்.