டெஸ்டிங்குக்குக் காசில்லை

இருபது வருடமாகத் தேர்தலுக்குத் தேர்தல் முழங்கிய மைக்செட்காரருக்கு இந்த முறை வாய்ப்பூட்டு. தேர்தலுக்குச் செலவழிப்பதும் பேச்சுரிமைதான் என்று கோர்ட்டு சொன்ன மறுநாளே, தேர்தலில் நின்ற மில் முதலாளி அவருடைய எட்டுக் குழாய் ஸ்பீக்கர்களையும் குரலையும் மொத்தமாக வாடகைக்கு எடுத்துவிட்டார். முதலாளியை எதிர்த்து நின்றதோ மைக்செட்காரரின் சொந்தத் தங்கை.

“அண்ணே, எனக்காக ஒரு வார்த்தை பேச மாட்டியா?”

“அட்வான்ஸ் வாங்கிட்டேன்மா.”

“அப்ப காசில்லாதவ ஊமையா?”

மறுநாள் காலை அவர் வழக்கம்போல் மைக்கைத் தட்டினார்.

“ஹலோ, மைக் டெஸ்டிங், ஒண்ணு, ரெண்டு, மூணு. என் தங்கச்சிக்கு ஓட்டுப் போடுங்க. கேக்குதா?”

முதல் குழாயின் சோதனையே முக்கால் மணி நேரம் நடந்தது. முதலாளி பாய்ந்து வந்தார்.

“என்னய்யா, அவளுக்குப் பேசுற?”

“பேச்சா? டெஸ்டிங்குக்கு நான் காசே வாங்குறதில்லையே, முதலாளி. செலவில்லாதது எப்படிப் பேச்சாகும்?”

முதலாளி வக்கீலைத் தேடி ஓடினார். இன்னும் ஏழு குழாய்களைச் சோதிக்க வேண்டியிருந்தது.